பதினேழாம் குழாயும் ஒரு பென்சில் புள்ளியும்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். ஏதோ மருந்து ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவளாம். "மேடம், உங்க காலத்துல ஒரு புரதத்தோட உருவம் தெரியறதுக்கு வருஷக்கணக்கா ஆகுமாமே? இப்ப கம்ப்யூட்டர்ல போட்டா டீ ஆறதுக்குள்ள படம் வந்துடுது. நீங்க எல்லாம் எப்படி வேலை செஞ்சீங்கன்னு எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "நோட்டு எழுதறீங்களா?" என்று கேட்டேன். "நோட்டெல்லாம் இல்ல மேடம். டேப்லெட்ல தட்டினா நேரம் தானா விழுந்துடும். நாமளே நெனச்சாலும் மாத்த முடியாது" என்றாள்.

போனை வைத்த பிறகு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆண்டு மலருக்குத் தோதுப்படாது. அந்தப் பெண் மன்னிக்கட்டும்.

என் பெயர் மெஹருன்னிசா. பழவேற்காட்டுக்காரி. அத்தாவுக்கு இறால் வியாபாரம். ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு விரல் மரத்துப்போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதைச் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டேன். பிறகு உயிர்வேதியியல் படித்தது, சென்னையில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் திட்டு வாங்கித் தொழில் கற்றது எல்லாம் எல்லாருக்கும் உள்ள கதைதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒரு பக்கம் இரும்பு ரோலிங் மில், இன்னொரு பக்கம் இரசாயனத் தொழிற்சாலை, நடுவில் நாங்கள் இருபத்து மூன்று பேர். வெளிநாட்டு மருந்து நிறுவனங்கள் கேட்கிற புரதத்தைத் தயாரித்து, அதைப் படிகமாக வளர்த்து, அதன் உருவத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் இந்தத் தொழில் நம் பக்கத்தில் புதிது. என் சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை நான் என்ன வேலை செய்தேன் என்று புரியவே இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எங்களுக்கு வந்து சேர்ந்த பெரிய வேலை ஒரு கைனேஸ். நம் உடம்பின் செல்களுக்குள் செய்தி கடத்துகிற புரதம் அது. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துண்டை ஒட்டும். ஒட்டினால் அவை வேலையைத் தொடங்கும். ஊரையே எழுப்பிவிடுகிற இந்தக் கைனேஸுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அதன் வாய்ப்பக்கம் ஒரு வளையம் இருக்கிறது. வெறும் வளையமாக இருந்தால் மடிந்து வாயை அடைத்துக்கொள்ளும், கைனேஸ் அணைந்திருக்கும். அந்த வளையத்திலேயே ஒரு பாஸ்பேட் ஏறிவிட்டால் நிமிர்ந்து விலகும், கைனேஸ் வேலை செய்யத் தொடங்கும். சில பேருக்கு இது அணையாமலே போய்விடும். செல்கள் கணக்கில்லாமல் பெருகும். புற்றுநோய் வருகிற வழிகளில் அது ஒன்று.

எங்கள் வாடிக்கையாளர் கேட்டது அணைந்த உருவத்தை. அது எப்படி மடிந்திருக்கிறது என்று தெரிந்தால், அந்த மடிப்பிலேயே பொருந்தி அதை நிமிர விடாமல் பிடித்துக்கொள்ளும் மருந்தைச் செய்யலாம். நிமிர்ந்த உருவத்தைப் பார்த்து அந்த மருந்தைச் செய்தால் வேறு பூட்டுக்குச் சாவி அடித்த கதையாகிவிடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

புரதத்தை ஒரு புழுவின் செல்களில் வளர்ப்போம். செல்களை உடைத்து, சாற்றைக் குழாய் குழாயாக வடிகட்டிச் சுத்தம் செய்வோம். ஆனால் வருகிற புரதத்தில் பாஸ்பேட் ஏறியே இருக்கும். அதை வெட்டி எடுக்க ஒரு நொதி இருக்கிறது. அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது என்பதால் நாங்கள் 'கத்தரி' என்போம். சின்னச் சின்னக் குழாய்களில் ஒரு தடவைக்கு ஒன்று என்று பிரித்து, எண் எழுதி, ஃப்ரீசரில் வரிசையாக வைத்திருப்போம். ஐந்தாவது தயாரிப்பு என்றால் ஐந்தாம் குழாய். அதைப் புரதத்தில் ஊற்றிக் குளிர் அறையில் மெதுவாக ஆடுகிற தட்டில் வைத்துவிட்டால், மறுநாள் காலைக்குள் பாஸ்பேட் எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். வடிகட்டல் முடிய நாலரை ஆகும். ஆகவே கத்தரி ஊற்றுவது எப்போதும் நாலு நாற்பதுக்கு.

அதன் பிறகு படிகம். ஒரு துளிப் புரதமும் ஒரு துளி உப்புக் கரைசலும் சேர்த்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, அதைக் கவிழ்த்துக் குழியின் மேல் கிரீஸ் தடவி மூடுவோம். அம்மோனியம் சல்ஃபேட் உப்பு. துளி மெல்ல வற்றும். அதிர்ஷ்டம் இருந்தால் படிகம் வரும், இல்லாவிட்டால் பழுப்பு வண்டல் வரும். ரோலிங் மில்லில் கம்பி ஓடும்போதெல்லாம் எங்கள் தரை நடுங்கும். அதற்காகத் தட்டுகளை ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து அதன் மேல் பலகை போட்டு வைத்திருந்தோம். வந்து பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

எங்கள் தலைவர் டாக்டர் ஞானசேகர். குள்ளமான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் பயம். தினமும் சரியாக நாலு மணிக்கு வருவார். உட்கார மாட்டார். ஒவ்வொருவர் நோட்டையும் நின்றபடியே படிப்பார். எல்லாம் சரி என்றால் கையெழுத்துப் போடுவார். ஏதாவது சரியில்லை என்றால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்தி மறுநாள் காட்ட வேண்டும். அளவை எழுதும்போது ஒரு சைபர் விட்டுப்போனதற்காக நான் இரண்டு நாள் அந்தப் புள்ளியை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். "அந்த ஆளு திட்டினாக்கூட தேவலாம். புள்ளி வெச்சிட்டுப் போறாரு பாரு, ஒரே பேஜாரு" என்பாள் கலைவாணி.

கலைவாணி எனக்குப் பத்து வயது இளையவள். பெரியபாளையத்துப் பக்கத்து ஊர். நெல் நிலம் உள்ள வீடு, ஆனால் தண்ணீர் இல்லாத நிலம். புருஷன் மினி லாரி ஓட்டினார். நான் நிரந்தர ஊழியர், அவள் ஒப்பந்த ஊழியர். பக்கத்துப் பக்கத்து மேசை. என் டிபன் பாக்ஸில் இறால் தொக்கு இருந்தால் அவளுக்கு எப்படியோ வாசலிலேயே தெரிந்துவிடும்.

இப்போது எங்கள் பழக்கத்தைச் சொல்கிறேன். நாலு மணிக்குப் பார்த்து முடித்ததும் டாக்டர் எல்லா நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் அறை அலமாரியில் பூட்டிவிடுவார். காலையில்தான் திரும்பக் கிடைக்கும். ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். டிரைவர் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். என் உம்மா அப்போது படுத்த படுக்கை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற ஆயா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். பஸ்ஸை விட்டால் நான் பொன்னேரி வீட்டுக்குப் போய்ச் சேர ஏழரை ஆகும். ஆகவே நாலு மணிக்குப் பிறகு செய்யப்போகிற வேலையை நாங்கள் மூன்றே முக்காலுக்கே நோட்டில் எழுதிவிடுவோம். '4.40. கத்தரி சேர்க்கப்பட்டது. குளிர் அறை.' நான் மட்டும் இல்லை, எல்லாருமே. எழுதியதை எப்படியும் செய்துவிடப் போகிறோமே, அப்புறம் என்ன? ஒருவருக்கும் இது பொய் என்று தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் முன்கூட்டிப் போடுகிற மாதிரிதான்.

பதினாறு தயாரிப்புகள் வண்டலாகப் போயின. எட்டு மாதம். வாடிக்கையாளரிடமிருந்து வருகிற கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

பதினேழாவது தயாரிப்பு அன்று வழக்கம்போல மூன்றே முக்காலுக்கு எழுதினேன். டாக்டர் நாலு மணிக்குப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். நாலு முப்பத்தைந்துக்கு வடிகட்டல் முடிந்தது. புரதக் குழாயை ஐஸில் வைத்துவிட்டு ஃப்ரீசர் பக்கம் திரும்பினேன். அப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதியது. ஏதோ வாயு கசிந்து கண் எரிந்தது. யாரோ "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தினார்கள். எல்லாரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினோம். காற்று கடல் பக்கமாகத் திரும்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஐந்துக்கு நாலு நிமிஷம். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸில் இருந்த குழாயைக் கலைவாணி கையில் எடுத்துவிட்டாள். "நான் உள்ள வெச்சுட்டு வரேன், நீ போய் பஸ்ஸ நிறுத்துக்கா" என்றாள். நான் ஓடினேன்.

மறுநாள் குழாய் குளிர் அறையில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தது. மிச்ச வேலையைச் செய்தேன். ஒன்பதாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை. ஓரங்கள் கூர்மையாக, சுத்தமாக, கல்கண்டு உடைத்துப் போட்டது போல ஆறு படிகங்கள். கலைவாணியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அன்று டாக்டர் எல்லாருக்கும் தன் செலவில் நாஷ்டா வாங்கித் தந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

படிகங்களை நைட்ரஜன் குளிரில் உறையவைத்து வெளிநாட்டு எக்ஸ்ரே கூடத்துக்கு அனுப்பினோம். சில வாரங்களில் தகவல் வந்தது. டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் நாள் கணக்கில் உட்கார்ந்து, நீல வலை மாதிரி தெரிகிற படத்துக்குள் அணு அணுவாகப் புரதத்தைக் கட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மெஹர், இங்க பாருங்க. வளையம் மடிஞ்சிருக்கும்னு எதிர்பார்த்தேன். நிமிர்ந்து நிக்குது. அதோட பக்கத்துல இந்தக் கட்டி. பாத்தா பாஸ்பேட் மாதிரியே இருக்கு" என்றார். "ஆனா அதைத்தான் நீங்க வெட்டி எடுத்துட்டீங்களே?"

"ஆமா சார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

"நோட்டையும் பார்த்தேன். அப்ப இது சல்ஃபேட்டாத்தான் இருக்கணும்." எங்கள் உப்பில் சல்ஃபேட் கொட்டிக் கிடந்தது உண்மை. எக்ஸ்ரேயில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் இரட்டைப் பிள்ளைகள், எங்கள் படத்தின் துல்லியத்தில் வித்தியாசம் தெரியாது. "பாஸ்பேட் இல்லாமலேயே இந்த வளையம் நிமிர முடியும்னா, இதோட கட்டுப்பாடே நாம நெனச்ச மாதிரி இல்ல. இது பெரிய விஷயம், மெஹர்" என்றார்.  அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் நேரில் வருவதாக ஏற்பாடு.

'நீங்க வெட்டி எடுத்துட்டீங்களே' என்பது என் காதிலேயே இருந்தது. வெட்டி எடுத்தேனா? நினைத்துப் பார்த்தால் ஊற்றியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. துளி அளக்கும் பிப்பெட்டைப் பிடித்த கை, குழாயின் மூடி, குளிர். ஆனால் அது பதினேழா, பதினாறா, பத்தா? ஒரே வேலையைப் பதினேழு தடவை செய்தவளுக்கு எந்தத் தடவை என்று எப்படித் தெரியும்? படிகம் வந்துவிட்டதால் அதற்குப் பிறகு புதிய தயாரிப்பே நடக்கவில்லை. கத்தரிப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் திறந்தேன். பதினாறு குழிகள் காலி. பதினேழில் குழாய் இருந்தது. என் கையெழுத்தில் '17'. தூக்கிப் பார்த்தேன். நிறைந்து உறைந்திருந்தது.

கை ஃப்ரீசருக்குள்ளேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. விரல் எரிந்த பிறகுதான் எடுத்தேன். கலைவாணியைக் குளிர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன், அங்கேதான் யாரும் வர மாட்டார்கள். குழாயைக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"நீ ஊத்திட்டேன்னு நெனச்சிக்கினுதானே நான் உள்ள வெச்சேன்" என்றாள்.

"நீ பாத்து ஊத்தி வெச்சிருப்பேன்னு நான் நெனச்சேன் கலை."

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"சார் கிட்ட சொல்லணும்."

"இன்னாக்கா பேசற நீ? வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுக்கினு குத்துதே கொடையுதேன்ற கதையா? நோட்டுல எழுதிக்கீது. அவரு கையெழுத்து போட்டுட்டாரு. அது சல்ஃபேட்டுனு அவரே சொல்லிட்டாரு. படிச்சவரு சொல்லிட்டாரு, நீ யாரு இல்லன்றதுக்கு?" அவள் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. "வெள்ளிக்கெழம வரவன் கான்ட்ராக்ட கிழிச்சிப் போட்டுட்டுப் போனா மொதல்ல யார அனுப்புவாங்க? உன்னையா? என்னத்தான். பசங்க ஃபீஸு யாரு கட்டுவா? கொழாய குடு, சாக்கடைல ஊத்திடறேன். நாம ரெண்டு பேரும் வாய தெறக்கலன்னா யாருக்குக்கா தெரியப் போவுது?"

நான் குழாயைத் தரவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, உருகிவிடுமே என்று பயந்து, திரும்பவும் ஃப்ரீசரில் வைத்தேன்.

அன்று மாலை உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது ஸ்பூன் அவர் கன்னத்தில் இடித்தது. "என்ன புள்ள, நெனப்பு எங்க இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். என் மனம் ஒரு கணக்கைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தது. சொன்னால் என் வேலை போகும், கலைவாணி வேலை போகும், இந்த வயதில் டாக்டருக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால்? எங்கோ கடலுக்கு அப்பால் நாலு பேர் எங்கள் படத்தை நம்பி மருந்து செய்வார்கள். அது பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தெரியாமலே வருஷங்கள் போகும். அந்த வருஷங்களில் யாரோ ஒருவர் படுக்கையில் காத்துக்கொண்டிருப்பார். அந்த ஒருவருக்கு நான் முகம் கொடுக்கப் பார்த்தேன், வரவில்லை. கலைவாணியின் முகம்தான் வந்தது.

புதன்கிழமை முழுக்க மூன்று தடவை டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.  மூன்றே முக்கால் ஆனது. என் நோட்டைத் திறந்து, பதினேழாம் தயாரிப்பின் பக்கத்துக்குப் போனேன். பென்சிலை எடுத்தேன். '4.40. கத்தரி சேர்க்கப்பட்டது' என்ற வரியின் ஓரத்தில் நானே ஒரு புள்ளி வைத்தேன். பக்கத்தில் ஒரு ஐஸ் கிண்ணம், அதில் குழாய்.

நாலு மணிக்கு அவர் வந்தார். நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என் புள்ளி இல்லையே?"

"நான் வெச்சது சார்."

ஐஸிலிருந்து குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணைப் படித்தார். நான் பேச ஆரம்பித்தேன். சங்கு ஊதியது, பஸ், ஃப்ரீசர் எல்லாம் தலைகீழாக வந்தன. கலைவாணி பெயரை மட்டும் சொல்லவில்லை. அவள் தன் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு, காலியான குடுவை ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த வரியை எப்ப எழுதினீங்க?"

"மூணே முக்காலுக்கு சார்."

"இது மட்டும்தானா?"

"எல்லாமே அப்படித்தான் சார். எல்லாரும்."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். பதினாறு, பதினைந்து, பதினான்கு. ஒவ்வொரு பக்கத்திலும் 4.40 என்ற வரி. ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையெழுத்து, அதில் அவரே எழுதிய நேரம்: 4.00.

"நாலு நாற்பதுக்கு நடக்கப் போறதை நாலு மணிக்கே படிச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். "பதினேழு தடவை."

பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பதினேழாம் பக்கத்தில் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் வந்திருக்காது.

மறுநாள் காலை, மிச்சமிருந்த பதினேழாம் புரதத்தைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் ஏறினேன். சென்னையில் ஒரு கல்வி நிலையத்தில் புரதத்தின் எடையைத் துல்லியமாகக் காட்டும் இயந்திரம் இருந்தது. ஒரு பாஸ்பேட் இருந்தால் எண்பது அலகு கூடும். முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை. நோட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று யாரும் செய்யவில்லை. வண்டியில் எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் மடியைப் பார்த்து, "இன்னா மீனும்மா? வாடையே காணோம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒருவேளை எடை சரியாக இருந்துவிட்டால், ஒருவேளை அன்று வேறு குழாயிலிருந்து ஊற்றியிருந்தால், யா அல்லாஹ், என்று வழி முழுக்க மனம் பிச்சை கேட்டது. மதியம் அந்த இயந்திரக்காரர் தாளைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "எண்பது கூட இருக்குங்க."

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். டாக்டர் அந்தப் புது விளக்கம் எதையும் பேசவில்லை. "நீங்கள் கேட்டது அணைந்த உருவம். இது எரிகிற உருவம். எங்கள் நோட்டு தவறு, என் கையெழுத்தும் தவறு" என்றார் ஆங்கிலத்தில்.  பிறகு அவர்களில் ஒருவர், "மற்றப் பதினாறு?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொருவரும் தன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, முன்கூட்டி எழுதிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: செய்தேன், செய்யவில்லை, நினைவில்லை. இன்றைய தேதி, கையெழுத்து. பழைய வரியை அடிக்கக் கூடாது. என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை. 'செய்தேன்' என்று எழுதக் கை போகும், போகும்போதே நிற்கும். பெட்டியில் காலிக் குழி இருந்ததால் கத்தரி பற்றி மட்டும் நிச்சயம். மற்றவை? உப்பு அளந்தது, தட்டை மாற்றியது, வெப்பம் பார்த்தது? என் நோட்டில் 'நினைவில்லை' முப்பத்தொரு இடத்தில் வந்தது. ஒவ்வொன்றையும் எழுதும்போது காது சூடாகும்.

வாடிக்கையாளர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அணைந்த உருவம் எங்களுக்குக் கடைசிவரை வரவே இல்லை. என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை, டாக்டர் விடவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் ஒப்பந்த ஊழியர்கள் எட்டு பேர் போனார்கள். கலைவாணி சொன்னது அப்படியே நடந்தது.

கடைசி நாள் அவள் கோட்டை மடித்து மேசையில் வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "உன் மனச நீ கழுவிக்கினேக்கா. என் ஊட்டு அடுப்புல தண்ணிய ஊத்திக் கழுவிக்கினே."

  அவள் சொன்னதில் பொய் இல்லையே.

அதன் பிறகு நான் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். நோட்டு அலமாரிக்குள் போகிற நேரம் ஐந்தே கால் ஆனது, பஸ் ஐந்தரை ஆனது. டிரைவர் எங்களைச் சபித்துக்கொண்டே ஓட்டினார். ஓய்வு பெற்றேன். உம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.

கலைவாணியைத் திரும்பப் பார்த்தது ஓய்வுக்குப் பிறகு, சென்னையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில். சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாகப் போயிருந்தேன். வெளி நோயாளிகள் வரிசையில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அவள் புருஷன், சட்டை தொளதொளவென்று. எழுந்து போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

"மெஹருக்கா" என்றாள். நகர்ந்து இடம் விட்டாள்.

அவருக்கு இரத்தப் புற்றுநோய், மூன்று வருடமாக மாத்திரையில் ஓடுகிறது என்றாள். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்களாம். நான் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்தாள். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மணி ஒன்று ஆனதும் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"இது அந்த மாரி தானேக்கா? நம்மளுது மாரி ஒரு கைனேஸ அணைக்கிற மாத்திரைன்னு இந்த ஆஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு."

வாங்கிப் பார்த்தேன். அந்த மாதிரிதான். வேறொரு கைனேஸ். அதன் அணைந்த உருவத்தில் போய்ப் பொருந்தி, நிமிர விடாமல் பிடித்துக்கொள்கிற மருந்து. எங்கோ யாரோ சுத்தம் செய்து, படிகம் வளர்த்து, நோட்டு எழுதியிருப்பார்கள். "ஆமா கலை" என்றேன்.

அவள் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணைப் பார்த்தாள்.  பிறகு புருஷனுக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டாள்.

"இதுல எழுதிக்கிறதெல்லாம், செஞ்சிட்டுதான் எழுதினாங்களா அக்கா?"

'ஆமா' என்பது நாக்கு நுனியில் இருந்தது. அன்று டாக்டரிடம் சொன்ன அதே 'ஆமா'. எவ்வளவு சுலபம்! அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, யாரோ ஒருவருக்கு முகம் கொடுக்கத் தெரியாமல் தவித்தேனே, அந்த முகம் இதோ உட்கார்ந்திருந்தது.

"எனக்குத் தெரியாது கலை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "இந்தாய்யா, போட்டுக்க" என்று அவர் கையில் வைத்தாள். அவர் விழுங்கி முடிக்கிற வரை நாங்கள் இரண்டு பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.